ஆறாத வாயு: எம் 87 பேரடையின் எக்ஸ்-கதிர் உறை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்த பொருள்

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், எஸ்டிபிஎம் தேர்வுக்குப் படிக்கும் ஆறாம் படிவ மாணவர்களுக்காக வாரக்கடைசியில் நடத்தும் இயற்பியல் வகுப்பை முன்னிட்டு இந்த நிகழ்வு ஆய்வு எழுதப்பட்டது. வாயு விதி, ஈர்ப்பு விசை, கதிர்வீச்சு ஆகிய மூன்றும் பாடநூலில் மூன்று அத்தியாயங்களாகப் பிரிந்து கிடக்கின்றன. மூன்றையும் ஒரே பொருளின் மீது ஒரே நேரத்தில் பயன்படுத்திப் பார்க்கத்தக்க ஓர் இடத்தைத் தேடியதில், கன்னிக் கொத்து என்னும் பேரடைக் கூட்டத்தின் நடுவில் இருக்கும் எம் 87 என்னும் மாபெரும் நீள்வட்டப் பேரடை (ஈர்ப்பால் பிணைந்த விண்மீன்களின் பெருந்தொகுதி) கிடைத்தது.

இதைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எம் 87 வான நடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 12 பாகையில் உள்ளது. நம் ஊர் ஏறத்தாழ 5 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல், மே மாத இரவுகளில் அது கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலேயே கடந்து செல்கிறது. செம்பனைத் தோட்டத்து இருட்டில் சிறிய தொலைநோக்கி ஒன்றை வைத்துப் பார்த்தாலும், மங்கிய ஒரு பொட்டாக அது தென்படும். ஆனால் இந்த ஆய்வு பேசுவது அந்தப் பொட்டைப் பற்றியன்று. அதைச் சூழ்ந்து பல இலட்சம் ஒளியாண்டு பரந்து கிடக்கும், எக்ஸ்-கதிரில் மட்டுமே தெரியும் சூடான வாயு உறையைப் பற்றியது. நம் தலைக்கு மேலுள்ள காற்று, நிறையளவில் பத்து மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சமம். அதைத் தாண்டி அண்டத்து எக்ஸ்-கதிர் தரைக்கு வருவதில்லை. ஆகையால், இதில் உள்ள ஒவ்வோர் எண்ணும் விண்வெளியில் இயங்கும் தொலைநோக்கிகள் தந்தது.

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்த வாயு ஓயாமல் கதிர்வீசி ஆற்றலை இழந்துகொண்டிருக்கிறது. இழப்பின் வேகத்தைக் கணக்கிட்டால், நடுப்பகுதி எப்போதோ ஆறிக் குளிர்ந்திருக்க வேண்டும். அது ஏன் ஆறவில்லை?

முன்வரலாறு

எம் 87ஐ 1781இல் சார்ல் மெசியே தம் பட்டியலில் சேர்த்தார். 1918இல் ஹீபர் கர்ட்டிஸ் அதன் நடுவிலிருந்து நேர்க்கோடாக ஓர் ஒளிக்கீற்று புறப்படுவதைக் கவனித்தார். அதைத்தான் இன்று தாரை என்கிறோம். அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தைச் சேர்ந்த பைரம், சப், ஃபிரீட்மன் ஆகியோர் 1965இல் ஏவிய ராக்கெட்டில் கிடைத்த தரவைக் கொண்டு, எம் 87 இருக்கும் திசையிலிருந்து எக்ஸ்-கதிர் வருகிறது என்று 1966இல் அறிவித்தனர். 1970 டிசம்பரில் கென்யக் கடற்கரையை ஒட்டிய மேடையிலிருந்து புறப்பட்ட உகுரு செயற்கைக்கோள், அந்தக் கதிர் ஒரு புள்ளியிலிருந்து வரவில்லை என்றும் கொத்து முழுவதும் பரவியிருக்கிறது என்றும் காட்டியது.

பரவியிருப்பது சூடான வாயுவா, அல்லது வேக எலக்ட்ரான்கள் நுண்ணலை ஒளியை மோதி உயர்த்துவதால் வரும் கதிரா என்பதில் சில ஆண்டுகள் கருத்து வேறுபாடு இருந்தது. 1976இல் ஏரியல் 5 செயற்கைக்கோள் பெர்சியஸ் கொத்தின் நிறமாலையில் 7 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டை (ஃபோட்டானின் ஆற்றலை அளக்கும் அலகு) ஒட்டி இரும்பின் கோட்டைக் கண்டதும் அந்த வாதம் முடிந்தது. கன்னிக் கொத்திலும் விரைவில் அதே கோடு காணப்பட்டது. எலக்ட்ரான்களை ஏறத்தாழ முழுவதுமாக இழந்த இரும்பு அணு மட்டுமே அந்த இடத்தில் கோடு போடும்; அதற்குப் பல மில்லியன் பாகை வெப்பம் வேண்டும். விண்மீன்களின் வயிற்றில் சமைந்து, வெடிப்பில் வெளியே வந்த இரும்பு இந்த வாயுவில் கலந்திருக்கிறது என்பதும் அதே கோட்டிலிருந்து தெரிந்துவிட்டது.

1978இல் ஏவிய ஐன்ஸ்டைன் ஆய்வுக்கூடம்தான் எக்ஸ்-கதிரைக் குவித்து உண்மையான படம் எடுத்த முதல் பெரிய விண் தொலைநோக்கி. எக்ஸ்-கதிர் ஆடியின் மீது நேராக விழுந்தால் உள்ளே புகுந்துவிடும்; உரசிச் செல்வதுபோல் மிகச் சாய்வாக விழுந்தால்தான் திரும்பும். அதனால் இந்த ஆடிகள் கிண்ண வடிவில் இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிய குழாய்களாக இருக்கும். 1990இல் ரோசாட் செயற்கைக்கோள் கன்னிக் கொத்து முழுவதையும் வரைபடமாக்கியது. 1999இல் ஜூலையில் சந்திராவும் டிசம்பரில் எக்ஸ்எம்எம்-நியூட்டனும் சென்றன. சந்திராவில் நான்கு இணை ஆடிகள்தான் உண்டு, ஆனால் அரை வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு) நுணுக்கம் வரை அது பிரித்துக் காட்டும். எக்ஸ்எம்எம்-நியூட்டனின் மூன்று தொலைநோக்கிகளில் ஒவ்வொன்றிலும் 58 ஆடிகள். கூர்மை குறைவு, பிடிக்கும் ஒளி அதிகம். சந்திரா என்ற பெயர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்ரமணியன் சந்திரசேகரை நினைத்து இட்டது என்பதை மாணவர்களிடம் சொன்னால் வகுப்பு சற்று நிமிர்ந்து உட்காருகிறது. அது போதும், மேலே செல்லலாம்.

தரவு எப்படி இருக்கிறது

எம் 87ஐச் சந்திரா மொத்தத்தில் ஐந்து இலட்சம் விநாடிகளுக்கு மேல் பார்த்திருக்கிறது. அந்தத் தரவு காப்பகத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. அதைப் படிக்கும் சியாவ், டிஎஸ்9 ஆகிய மென்பொருள்களும் இலவசம். தோட்டப்புற ஊரில் இருந்துகொண்டு இந்த ஆய்வைச் செய்ய முடிந்ததற்கு அதுவே முழுக் காரணம்.

கோப்பைத் திறந்தால் முதலில் தெரிவது படம் அன்று, ஓர் அட்டவணை. ஒரு வரி ஒரு ஃபோட்டான். அது எந்த நேரத்தில் வந்தது, உணரியின் எந்தக் கட்டத்தில் விழுந்தது, அதன் ஆற்றல் எவ்வளவு என்பன ஒவ்வொரு வரியிலும் இருக்கும். ஒளியியல் தொலைநோக்கியில் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். படம் என்பது இங்கே நாம் வரிகளைத் தேர்ந்தெடுத்து அடுக்குவதால் உண்டாவது. எந்த ஆற்றல் வரம்பைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதற்கேற்பப் படம் மாறும். இந்த ஆய்வின் முதன்மையான சான்றே அந்த மாற்றத்திலிருந்துதான் வருகிறது என்பதால், இதை மாணவர்கள் தங்கள் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தினோம்.

தேவையற்றதை நீக்குவதுதான் வேலையில் பெரும்பகுதி. சூரியத் துகள்கள் பொங்கிய நேரங்களை வெட்டி எறிய வேண்டும். பேரடைக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட புள்ளி மூலங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை, நியூட்ரான் விண்மீனோ சிறிய கருந்துளையோ துணை விண்மீனிடமிருந்து பொருளை இழுக்கும் இரட்டைகள். அவற்றையும் ஒவ்வொன்றாக வட்டமிட்டு விலக்க வேண்டும். தாரையை விலக்குவதில் தனிச் சிக்கல் உண்டு. தாரையில் நடுவத்துக்கு ஒரு வில்விநாடிக்கும் குறைவான தொலைவில் உள்ள ஒரு முடிச்சு 2005ஐ ஒட்டி மிகையாகப் பிரகாசித்து, நடுவத்தையே விஞ்சி நின்றது. உணரி வழக்கமாக 3.2 விநாடிக்கு ஒரு சட்டகம் எடுக்கும். அந்த இடைவெளியில் ஒரே கட்டத்தில் இரண்டு ஃபோட்டான்கள் விழுந்தால், இரண்டின் ஆற்றலையும் கூட்டி ஒரே ஃபோட்டானாகப் பதிந்துவிடும். எண்ணிக்கை குறையும், ஆற்றல் பொய்யாக உயரும். ஆகவே தாரையை ஆராய்பவர்கள் 0.4 விநாடிச் சட்டகத்தில் எடுத்த தரவையே நம்புகிறார்கள். நமக்கு வேண்டியது வாயு என்பதால், அந்தப் பகுதியைக் கத்தரித்து ஒதுக்குவதே நேர்மையான வழி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சந்திராவின் உணரிக்கு முன்னுள்ள வடிப்பான் மீது ஆண்டுக்காண்டு ஒரு படலம் படிந்து வருகிறது. குறைந்த ஆற்றல் ஃபோட்டான்களை அது விழுங்கிவிடும். ஆகையால் குளிர்ச்சியான வாயுவைத் தேடுவதற்கு, புதிய தரவைவிட 2000 முதல் 2005 வரை எடுத்த பழைய தரவே மேலானது. புதியதுதான் சிறந்தது என்ற எண்ணத்தோடு வரும் மாணவர்களுக்கு இது நல்ல பாடம்.

வெப்பநிலையை அளப்பது நிறமாலையிலிருந்து. சிலிக்கானின் இரண்டு கோடுகள் அருகருகே தெரியும்: ஒன்று 1.86 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில், மற்றொன்று 2.0இல். முதலாவது இரண்டு எலக்ட்ரான் மிச்சமுள்ள சிலிக்கான் அணுவுடையது, இரண்டாவது ஒரே எலக்ட்ரான் மிச்சமுள்ளது. வெப்பம் ஏறஏற முதலாவது தணியும், இரண்டாவது ஓங்கும். இரண்டின் விகிதமே வெப்பமானி. ஒரு கிலோ எலக்ட்ரான்வோல்ட் என்பது 11.6 மில்லியன் கெல்வினுக்குச் சமம். எம் 87இன் வாயு நடுவில் ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோ எலக்ட்ரான்வோல்ட் வரையும், வெளியே போகப்போக இரண்டரையை ஒட்டியும் இருக்கிறது.

எதன் பிடியில் நிற்கிறது

இருபது, முப்பது மில்லியன் பாகையில் இருக்கும் வாயு சிதறி ஓடாமல் நிற்க வேண்டுமானால், வெளிநோக்கித் தள்ளும் அழுத்தத்துக்கு ஈடாக உள்நோக்கி இழுக்கும் ஈர்ப்பு இருந்தாக வேண்டும். இந்தச் சமநிலையை எழுதினால், வெப்பநிலையும் அடர்த்தி குறையும் சரிவும் தெரிந்த மட்டில் உள்ளிருக்கும் மொத்த நிறை கிடைத்துவிடும். 1980இல் ஃபேப்ரிகன்ட், லெக்கார், கோரன்ஸ்டைன் ஆகியோர் ஐன்ஸ்டைன் தரவைக் கொண்டு எம் 87க்கு இதைச் செய்து, பத்து டிரில்லியன் சூரிய நிறைக்கு மேற்பட்ட பொருள் இருக்க வேண்டும் என்று காட்டினர்.

கணக்கு வகுப்பறைக் கரும்பலகையில் அடங்கிவிடும். நடுவிலிருந்து 100 கிலோபார்செக், அதாவது சுமார் 3,26,000 ஒளியாண்டு ஆரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே வெப்பநிலை 2.5 கிலோ எலக்ட்ரான்வோல்ட். ஆரம் கூடக்கூட அடர்த்தி அதன் 1.4ஆம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைவதாகவும், வெப்பநிலை அநேகமாக மாறாததாகவும் கொள்வோம். வாயுத் துகளின் சராசரி நிறை புரோட்டானில் 0.6 பங்கு. இவற்றைப் பொருத்தினால் 2.6×10⁴³ கிலோகிராம் வருகிறது. சூரிய நிறையில் சொன்னால் 13 டிரில்லியன். கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களின் நிறையோ ஒரு டிரில்லியனை ஒட்டியது. வாயுவைச் சேர்த்தாலும் பற்றாக்குறை தீராது. எஞ்சியது கரும்பொருள், அதாவது ஒளி வீசாமல் ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டும் பொருள்.

இந்தக் கணக்கின் அடியில் ஒரு நிபந்தனை இருக்கிறது: வாயு அசையாமல் நிற்கிறது என்பது. அது கலங்கிக்கொண்டிருந்தால், அந்த அசைவும் ஒரு பகுதி எடையைத் தாங்கும். நிறை குறைவாக மதிப்பிடப்படும். விண்மீன்களின் அசைவிலிருந்து பெற்ற ஈர்ப்போடு எக்ஸ்-கதிரிலிருந்து பெற்ற ஈர்ப்பை ஒப்பிட்ட சுராசோவும் அவருடைய குழுவினரும், எம் 87இல் அத்தகைய பிற அழுத்தங்கள் சுமார் பத்து விழுக்காடு அளவில்தான் இருக்க முடியும் என்று 2008இல் முடிவு செய்தனர். வாயு பெரும்பாலும் அமைதியாக இருக்கிறது. கீழே வரும் வாதத்துக்கு இது மிகவும் வேண்டியது.

ஆறியிருக்க வேண்டிய வாயு

வாயு எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு வேகமாகக் கதிர்வீசும். அடர்த்தி இரு மடங்கானால் வீச்சு நான்கு மடங்காகும். ஆதலால் நடுப்பகுதிதான் முதலில் ஆற வேண்டும். எம் 87இன் உள்வட்டத்தில், தன்னிடமுள்ள வெப்பம் முழுவதையும் இழக்க வாயுவுக்கு ஒரு பில்லியன் ஆண்டுகூடத் தேவையில்லை. அண்டத்தின் வயது 13.8 பில்லியன் ஆண்டு. 1980களில் பலரும் ஏற்றிருந்த கருத்துப்படி, இந்த வாயு ஆறிச் சுருங்கி, வெளியிலிருந்து புதிய வாயு அந்த இடத்துக்கு வந்து, ஆண்டுதோறும் பத்துச் சூரியன்களை ஒட்டிய நிறை நடுவில் குவிய வேண்டும். அது உண்மையானால் எம் 87இன் நடுவில் புதிய விண்மீன்கள் மண்டிக்கிடக்க வேண்டும். அங்கே இருப்பவை பெரும்பாலும் பழுத்த, சிவந்த, முதிய விண்மீன்கள்.

எக்ஸ்எம்எம்-நியூட்டனின் நிறமாலை 2001 முதல் இந்தக் கருத்தை உடைத்தது. வாயு ஆறிக்கொண்டே வந்தால், பல எலக்ட்ரான்களைத் திரும்பப் பெற்ற இரும்பின் கோடுகள் வலுவாகத் தெரிந்தாக வேண்டும். பல கொத்துகளிலும் பார்த்ததில் அவை எதிர்பார்த்த அளவில் இல்லை. வெப்பநிலை வெளி வாயுவின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை இறங்குகிறது, அதற்குக் கீழே இறங்க மறுக்கிறது. ஏதோ ஒன்று இழந்த வெப்பத்தை ஈடு செய்துகொண்டிருக்கிறது.

இந்த இடத்தில், செம்பனை ஆலையில் தந்தை வேலை பார்க்கும் ஒரு மாணவி சொன்னதை அப்படியே தருவது பொருத்தமாக இருக்கும்: "அப்போ யாரோ எரிபொருள் போட்டுக்கிட்டே இருக்கணும், சார். பிரஷர் இறங்குனாதான் எங்கப்பா பாய்லர்ல ஃபைபரைக் கூடுதலா விடுவாரு, ஏறுனா குறைச்சிருவாரு." இதைவிடத் தெளிவாக இந்தக் கருதுகோளைச் சொல்ல முடியாது. வாயு ஆறும்போது அதில் ஒரு சிறு பகுதி எம் 87இன் நடுவிலுள்ள கருந்துளைக்குள் விழுகிறது. விழும்போது விடுபடும் ஆற்றல் தாரையாக வெளிவந்து சுற்றிலுமுள்ள வாயுவைச் சூடாக்குகிறது. சூடானதும் விழுவது குறைகிறது. ஆனால் ஆலையில் பாய்லர்காரருக்கு முன்னால் அழுத்தமானி இருக்கிறது. இங்கே 2019 ஏப்ரலில் படமாக வெளியான அந்தக் கருந்துளை 6.5 பில்லியன் சூரிய நிறை உடையதென்றாலும், அதன் ஆரம் சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தொலைவைப் போல் சுமார் 130 மடங்குதான். அது சூடாக்க வேண்டிய வாயுவோ அதைவிடப் பத்து மில்லியன் மடங்குக்கும் அப்பால் பரந்திருக்கிறது. அத்தனை சிறியது அத்தனை பெரியதை அளந்து சூடாக்க முடியுமா என்பதற்குச் சான்று வேண்டும். கதை நன்றாக இருக்கிறது என்பதற்காக அதை ஏற்கக் கூடாது.

வளையமும் கைகளும்

சான்று கிடைப்பது, மேலே சொன்ன அட்டவணையிலிருந்து வரிகளை இரண்டு விதமாகத் தேர்ந்தெடுக்கும்போதுதான். முதலில் 3.5 முதல் 7.5 கிலோ எலக்ட்ரான்வோல்ட் வரையிலான ஃபோட்டான்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். எம் 87இன் வெப்பநிலை வரம்பில், இந்த ஆற்றலில் வரும் ஒளியின் அளவு வாயு அழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே இந்தப் படம் உண்மையில் ஓர் அழுத்த வரைபடம். அதில் கைகளும் இழைகளும் மறைந்துபோய், நடுவைச் சுற்றி 13 கிலோபார்செக், அதாவது ஏறத்தாழ 42,000 ஒளியாண்டு ஆரத்தில் அநேகமாக முழுவட்டமான ஒரு வளையம் எழும்புகிறது. வில்லியம் ஃபார்மனும் அவர் குழுவினரும் 2005 முதல் ஆராய்ந்து வந்த அதிர்ச்சி அலை, அதாவது ஒலியைவிட வேகமாகப் பாயும் அழுத்த அலை, இது. அடுத்து, ஒரு கிலோ எலக்ட்ரான்வோல்ட்டை ஒட்டிய ஃபோட்டான்களை மட்டும் எடுத்தால், வளையம் காணாமல் போய், கிழக்கிலும் தென்மேற்கிலும் நீண்ட இரண்டு கைகள் தோன்றுகின்றன. ஒரே கோப்பு, ஒரே பேரடை. முதல் படம் அழுத்தத்தைக் காட்டுகிறது, இரண்டாவது குளிர்ந்த வாயுவைக் காட்டுகிறது.

வளையத்தைக் கடக்கும் இடத்தில் வெப்பநிலை 2.0இலிருந்து 2.4 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டாக உயர்கிறது. அடர்த்தி மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. இரண்டு தாவல்களையும் தனித்தனியே அதிர்ச்சி அலைச் சமன்பாட்டில் இட்டால், இரண்டும் ஒலியின் வேகத்தைப் போல் 1.2 மடங்கு என்ற ஒரே விடையைத் தருகின்றன. வெவ்வேறு வழியில் அளந்த இரண்டு அளவுகள் ஒன்றுபடுவதுதான் இந்த ஆய்வில் என்னை மிகவும் நம்ப வைத்த இடம். இரண்டு கிலோ எலக்ட்ரான்வோல்ட் வாயுவில் ஒலி விநாடிக்குச் சுமார் 730 கிலோமீட்டர் செல்லும். அதைப் போல் 1.2 மடங்கு என்றால் 875. இந்த வேகத்தில் 42,000 ஒளியாண்டைக் கடக்க 14 மில்லியன் ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும். தொடக்கத்தில் அலை இதைவிட வேகமாகச் சென்றிருக்கும் என்பதைச் சேர்த்துக் கணினியில் உருவகித்தால், அலையைக் கிளப்பிய கருந்துளை வெடிப்பு நடந்து 12 மில்லியன் ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்றும், வெளிப்பட்ட ஆற்றல் 5×10⁵⁰ ஜூல் என்றும் கிடைக்கிறது.

இனி வரவையும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். 5×10⁵⁰ ஜூலை 12 மில்லியன் ஆண்டுக்குப் பங்கிட்டால், சராசரியாக 1.3×10³⁶ வாட். ஆறிக்கொண்டிருக்கும் உள்வட்ட வாயு எக்ஸ்-கதிராக வீசி இழப்பது ஏறக்குறைய 10³⁶ வாட். இரண்டரை பில்லியன் சூரியன்களின் மொத்த ஒளிக்குச் சமம். கணக்கு நேராகிறது.

அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, அலை பலவீனமாக இருப்பதுதான். படீரென்று வெடித்திருந்தால் அலை வலுத்து, ஆற்றலில் பெரும்பகுதியை வெளியே சுமந்து சென்றிருக்கும். தாரை ஊதிய நடுக் குமிழியைச் சுற்றி மிகச் சூடான ஓர் உறையும் மிஞ்சியிருக்கும். அப்படி ஒன்று காணப்படவில்லை. வெடிப்பு சுமார் இரண்டு மில்லியன் ஆண்டு நீடித்து, குமிழியை மெதுவாக ஊதியிருக்க வேண்டும் என்பது ஃபார்மன் குழுவின் 2017 முடிவு. அலை கொண்டு செல்வது மொத்தத்தில் கால் பங்குக்கும் குறைவு. மிச்சம் வாயுவைச் சூடாக்கக் கிடைக்கிறது. எம் 87 என்றதும் எல்லோரும் தாரையின் படத்தையே காட்டுகிறார்கள். கருந்துளை எவ்வளவு நிதானமாக வேலை செய்கிறது என்பதைச் சொல்வது தாரையன்று, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் இந்த வளையம்.

கைகளின் கதை வேறு. 2000இல் அமெரிக்காவின் விஎல்ஏ வானொலித் தொலைநோக்கி 90 சென்டிமீட்டர் அலைநீளத்தில் எடுத்த படத்தில், எம் 87இலிருந்து காளான் வடிவில் எழும் ஒரு குமிழி தெரிந்தது. அடுத்த ஆண்டு சுராசோவும் உடன்பணியாளர்களும் அதற்கு விளக்கம் தந்தனர்: தாரை ஊதிய இலேசான குமிழி, கனமான வாயுவினூடே மிதந்து மேலேறும்போது, நடுவிலிருந்த குளிர்ந்த வாயுவைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறது. எக்ஸ்-கதிர்க் கைகள் அந்த இழுபட்ட வாயு. அவற்றில் ஒரு கிலோ எலக்ட்ரான்வோல்ட்டை ஒட்டிய வாயு மட்டுமே சுமார் 500 மில்லியன் சூரிய நிறை இருக்கிறது. சுற்றியுள்ள வாயுவைவிட அதில் இரும்பு முதலான தனிமங்களும் கூடுதல். அவை பேரடையின் நடுவில் உண்டானவை என்பதற்கு அதுவே முத்திரை. ஆற வேண்டிய வாயுவைச் சூடாக்குவது ஒரு வழி. அதை நடுவிலிருந்து தூக்கி அப்புறப்படுத்துவது இன்னொரு வழி. எம் 87 இரண்டையும் செய்கிறது.

கணக்கில் இடறும் இடங்கள்

வரவும் செலவும் நேரானதைக் கண்டு மாணவர்கள் மகிழ்ந்தார்கள். எனக்கு அதில் இரண்டு தயக்கங்கள் உண்டு. ஒரே ஒரு வெடிப்பின் ஆற்றலை அது நடந்த பின் கழிந்த காலத்தால் வகுத்துச் சராசரி என்று சொல்வது, அடுத்த வெடிப்பு ஏறத்தாழ இப்போதே தொடங்கும் என்று மறைமுகமாக ஏற்பதாகும். தாரை இன்றும் இயங்குவதால் அது பிழையான ஊகம் அன்று, ஆனாலும் ஊகம்தான். இரண்டாவது, ஆற்றல் போதுமான அளவு இருக்கிறது என்பது வேறு, அது வாயுவுக்குள் எல்லாத் திசையிலும் வெப்பமாக மாறுகிறது என்பது வேறு. தாரை இரண்டு திசையில்தான் பாய்கிறது.

இரண்டாவது தயக்கத்துக்கு ஒரு விடை கொந்தளிப்பு. குமிழிகள் எழும்பும்போது வாயு கலங்குகிறது, பெரிய சுழல் சிறு சுழல்களாக உடைந்து கடைசியில் வெப்பமாகிறது. 2014இல் இரினா சுராவ்லேவா தலைமையிலான குழு, பெர்சியஸ், கன்னி ஆகிய இரு கொத்துகளின் சந்திரா படங்களில் உள்ள பிரகாச ஏற்ற இறக்கங்களிலிருந்து இந்தக் கலக்கத்தின் வேகத்தைக் கணித்து, வாயு ஆறுவதை ஈடுசெய்ய அது போதும் என்றது. நேரடி அளவீடு ஜப்பானின் ஹிட்டோமியிலிருந்து வந்தது. 2016 பிப்ரவரியில் ஏவப்பட்டு மார்ச்சிலேயே உடைந்துபோன அந்தச் செயற்கைக்கோள், அதற்குள் பெர்சியஸின் நடுப்பகுதியைப் பார்த்து, இரும்புக் கோட்டின் அகலத்திலிருந்து வாயுவின் கலக்கம் விநாடிக்கு 164 கிலோமீட்டர் என்று அளந்துவிட்டது. கொந்தளிப்பின் அழுத்தம் வெப்ப அழுத்தத்தில் நான்கு விழுக்காடுதான். இது நிறைக் கணக்குக்கு நல்ல செய்தி. சூடாக்கும் கணக்குக்குச் சற்றுச் சங்கடமான செய்தி. அவ்வளவு குறைந்த கலக்கம், உண்டான இடத்திலிருந்து வெகுதூரம் ஆற்றலைக் கொண்டு போவதற்குள் தணிந்துவிடும். ஆகையால் ஒலி அலைகள், பலவீனமான அதிர்ச்சி அலைகள், குமிழிக்குள்ளிருந்து கசியும் வேகத் துகள்கள் ஆகியவற்றையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது. 2023 செப்டம்பரில் சென்ற கிரிசம் செயற்கைக்கோள், ஹிட்டோமியைப் போன்ற 5 எலக்ட்ரான்வோல்ட் நுணுக்கமுள்ள கருவியைச் சுமக்கிறது. அதன் முன்னுள்ள மூடி திறக்காததால் 1.7 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழே அது பார்ப்பதில்லை. எம் 87இன் குளிர்ந்த கைகளை ஆராய அது ஓர் இழப்பு. இரும்புக் கோடு அதற்கு மேலே இருப்பதால் முதன்மைக் கேள்விக்குப் பாதகமில்லை.

பிற பேரடைகளோடு வைத்துப் பார்க்கையில்

எம் 87 கொத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பதால் அதன் உறை கொத்தின் பொது வாயுவோடு கலந்துவிடுகிறது. எது பேரடையினது, எது கொத்தினது என்று கோடு கிழிக்க முடியாது. அதே கொத்திலுள்ள எம் 86 அப்படி இல்லை. அது நம்மை நோக்கி வேகமாக விழுந்துகொண்டிருப்பதால், எதிர்ப்படும் வாயு அதன் உறையைப் பிய்த்து, வானில் 150 கிலோபார்செக் நீளத்துக்கு வாலாக இழுத்திருக்கிறது. உறை என்பது பேரடை தானாக வைத்துக்கொள்ளும் நிலையான உடைமையன்று, இருக்குமிடத்தைப் பொறுத்தது என்பதற்கு அது சான்று. கொத்துகளுக்கு வெளியே, என்ஜிசி 1961 என்ற மாபெரும் சுருள் பேரடையைச் சுற்றியும் 2011இல் சந்திரா சூடான வாயுவைக் கண்டது. நிறை மிகுந்தால் சுருள் பேரடைக்கும் உறை உண்டு என்று அதனால் உறுதியானது. ஆனால் ஒளி மிக மங்கலானதால், அங்கே வளையத்தையோ கையையோ தேட இயலாது.

மேலே சொன்ன முதல் தயக்கத்தை, அதாவது வெடிப்புகள் உண்மையிலேயே திரும்பத் திரும்ப நடக்கின்றனவா என்பதை, நேரடியாகச் சோதிக்கக்கூடிய பேரடை என்ஜிசி 5813. சந்திரா அதை 6,50,000 விநாடிகள் பார்த்திருக்கிறது. ஒரே அச்சில் மூன்று இணைக் குமிழிகளும், அவை ஒவ்வொன்றுக்கும் உரிய அதிர்ச்சி அலையும், உள்ளிருந்து வெளியே அடுத்தடுத்து நிற்கின்றன (அலைகள் 1, 10, 30 கிலோபார்செக்கை ஒட்டிய தொலைவுகளில்); மூன்று வெடிப்புகளின் ஆற்றலும் இடைவெளியும் ஒரே படத்தில் அளக்கக் கிடைக்கின்றன. அதை ஆராய்ந்த ஸ்காட் ராண்டலின் குழு, அங்கே வாயு ஆறுவதை ஈடுசெய்ய அந்த அலைகளின் சூடு மட்டுமே போதும் என்று முடிவு செய்தது. எம் 87இல் அலையின் பங்கு சிறிது, குமிழியின் பங்கு பெரிது என்று மேலே கண்டோம். இந்த இரண்டு முடிவுகளும் ஏன் வேறுபடுகின்றன என்பதை அடுத்த பருவத்தில் மாணவர்களே அதே மென்பொருளைக் கொண்டு கணக்கிட்டு எழுத வேண்டும். தாவல்களை அளக்கும் படிகள் எம் 87க்குச் செய்தவையேதான், ஆனால் வெப்பநிலை 0.7 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டை ஒட்டி இருப்பதால் சிலிக்கான் கோடுகளுக்குப் பதிலாக இரும்பின் பல கோடுகள் ஒன்றாய்க் கலந்து உண்டாகும் மேட்டை வெப்பமானியாகக் கொள்ள வேண்டும்.